இரு பெயர் சுமந்த அயர்லாந்துக்காரர்
சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் வாழ்வும், அவர் குடும்பப் பெயரின் கதையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில் மாத்தளை நகரைத் தாண்டி இரண்டு மைல் சென்றால், வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு நடுவே கரும்பாறைகள் தெரியும். அதுதான் அலுவிகாரை. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்த வேளை, அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்ட பௌத்த நூல்களைத் துறவிகள் ஓலையில் எழுதிவைத்தது இக்குகைகளில்தான் என்பது அவ்வூரின் மரபு.

அவ்வூரின் பெயரே ஒரு குடும்பத்தின் பெயராகவும் ஆனது. சுதந்திரத்திற்கு முந்திய ஆண்டாகிய 1947இல் இலங்கைப் பொலிஸ் படைக்கு இந்நாட்டவருள் முதலாவது தலைவராக நியமிக்கப்பட்ட சேர் றிச்சட் அலுவிகாரை அக்குடும்பத்தவர். ஊர்ப்பெயர் மனிதரின் பெயராவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பாறைகளைச் சுற்றிய மலைகளில் இன்னொரு குடும்பப் பெயரும் தங்கியிருக்கிறது. அது கடல் கடந்து, அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த பெயர். அந்தப் பெயர் எங்கே பிறந்தது, யார் அதைச் சுமந்து வந்தார், மாத்தளையில் அது என்ன பட்டது என்பதை இவ்வாரம் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெயர்கள் பிறந்த விதம்

தமிழராகிய நமக்குத் தந்தையின் பெயரே முன்னெழுத்து. நம் கரையோரக் கத்தோலிக்கரிடையே பெர்னாண்டோ, பெரேரா, குரூஸ் என்ற போர்த்துக்கேயப் பெயர்களும் ஞானஸ்நானத் தொட்டியோடு வந்து தலைமுறைகளாக நிலைத்துவிட்டன. அயர்லாந்திலோ ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடும்பப் பெயர்கள் வேரூன்றத் தொடங்கின. ஐரோப்பாவில் மிகப் பழைய குடும்பப் பெயர்களுள் அந்நாட்டுப் பெயர்களும் சேரும்.

அந்நாட்டு மொழியில் 'மக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். மக்கார்த்தி என்றால் கார்த்தக் என்பவரின் மகன். கார்த்தக் என்ற சொல்லுக்கு அன்புள்ளவன் என்று பொருள் கூறுவர். 1045ஆம் ஆண்டில் இறந்த ஒரு சிற்றரசனின் பெயர் அது. ஓபிறையன் என்றால் 1014இல் போர்க்களத்தில் மாண்ட பிறையன் போறு மன்னனின் வழிவந்தவர். அந்நாட்டில் எல்லாவற்றிலும் அதிகமாக வழங்கும் மேர்ஃபி என்ற பெயருக்குக் கடல் வீரன் என்பது பொருள்.

ஆங்கில ஆட்சி இறுகியபோது பலர் தம் பெயரின் முன்னிருந்த 'ஓ'வையும் 'மக்'கையும் விட்டுவிட்டனர். கத்தோலிக்கருக்கு நிலமும் வாக்கும் பதவியும் மறுக்கப்பட்ட காலம் அது. பெயரைச் சுருக்கிக்கொண்டால் வாழ்வு சற்று இலகுவாகும் என்று எண்ணினர். பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டுப்பற்று எழுந்தபோது, பல குடும்பங்கள் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டன.

அயர்லாந்தின் வடபகுதியில் வேறு வகைப் பெயர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேற்றப்பட்டவர்கள் கொண்டுவந்த பெயர்கள் அவை. நம் கதைக்குரிய டெனன்ற் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல்லுக்கு, இன்னொருவருக்குரிய நிலத்தைப் பெற்று அனுபவிப்பவர் என்று பொருள். நம் வழக்கில் சொன்னால் குடிவாரக்காரர். மேர்ஃபியைப் போலவோ மக்கார்த்தியைப் போலவோ ஊருக்கு ஊர் கேட்கும் பெயரல்ல இது. சில குடும்பங்களோடு நின்ற பெயர்.

சிறையிலிருந்தவரின் பெயர்

அப்பெயரை அயர்லாந்தில் விளங்கச் செய்தவர் பெல்பாஸ்ற் நகர வணிகர் வில்லியம் டெனன்ற். அவர் கத்தோலிக்கரல்லர், பிரெஸ்பிற்றேரியன் போதகர் ஒருவரின் மகன். ஆயினும், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒரே நாட்டின் பிள்ளைகள் என்று முழங்கிய ஐக்கிய அயர்லாந்தர் சங்கத்தில் அவர் சேர்ந்தார். 1798இல் அச்சங்கத்தின் கிளர்ச்சி வெடித்தபோது கைதானார். முதலில் சிறைக்கப்பலிலும், பின்னர் ஸ்கொத்லாந்தில் உள்ள ஜோர்ஜ் கோட்டையிலுமாக, விசாரணை எதுவுமின்றி 1802 வரை அடைபட்டிருந்தார். விடுதலையான பின் வாணிபத்திலும் வங்கித் தொழிலிலும் செல்வரானார்.

இந்த மனிதரின் மகள் லெற்றீசியாவை 1831இல் மணந்தவர்தான் ஜேம்ஸ் எமர்சன். 1804 ஏப்ரல் 7ஆம் நாள் பெல்பாஸ்ற் நகரில் ஒரு புகையிலை வணிகரின் மகனாகப் பிறந்தவர் அவர். டப்ளின் நகரின் திரித்துவக் கல்லூரியில் பயின்றார். இருபது வயதில், துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர் நடத்திய விடுதலைப் போர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கிரேக்க நாட்டிற்கே சென்று, திரும்பி வந்து, அந்நாட்டைப் பற்றி நூல்கள் எழுதினார். அடிமைப்பட்ட ஒரு மக்கள் எழுந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்த இளைஞராகத்தான் உலகம் அவரை முதலில் அறிந்தது.

1832இல் மாமனார் கொள்ளை நோயால் மாண்டார். அவருடைய சொத்து மகளுக்கு வந்தது. அரச அனுமதியோடு அவருடைய பெயர் மருமகனுக்கு வந்தது. அன்று முதல் அவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற். மனைவி கணவனின் பெயரை ஏற்பதே வழக்கமான நாட்டில், கணவன் மனைவி வீட்டுப் பெயரை ஏற்றார். ஆண் வாரிசு இல்லாத வீட்டின் பெயர் அழியாதிருக்க மேல்நாட்டுச் செல்வர்கள் கையாண்ட ஏற்பாடு இது. எமர்சன் என்ற சொல்லுக்கே எமெரி என்பவரின் மகன் என்றுதான் பொருள். ஆக, ஒரு தந்தையின் மகன் என்ற பெயரோடு இன்னொரு தந்தையின் பெயரும் சேர்ந்துகொண்டது.

பாராளுமன்றத்திலிருந்து கொழும்புக்கு

அதே ஆண்டின் இறுதியில் அவர் பெல்பாஸ்ற் நகரின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். சீர்திருத்தக்காரராகத் தொடங்கியவர், சில ஆண்டுகளில் பழைமை பேணும் கட்சியின் பக்கம் சாய்ந்தார். கத்தோலிக்கரின் உரிமைக்காகப் போராடி 1829இல் வெற்றி கண்ட தானியேல் ஓகொனல், அயர்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் வேண்டும் என்று 1834இல் கேட்டபோது, அதை எதிர்த்து நீண்ட உரையாற்றியவர்களில் டெனன்றும் ஒருவர். மாமனார் சிறை சென்றது எந்த நோக்கத்திற்காகவோ, அந்த நோக்கத்திற்கு எதிரான வரிசையில் அவருடைய பெயர் எழுந்து நின்றது.

1845இல் சேர் பட்டம் பெற்று, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக அவர் நியமனமானார். தேசாதிபதிக்கு அடுத்த பதவி அது. அவ்வாண்டின் கடைசியில் கொழும்பு வந்து சேர்ந்தார்.

அந்த நாட்களில் மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக வந்த நம் மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து, அலுவிகாரைப் பாறைகளின் அருகாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நோயிலும் பசியிலும் அவ்வழியில் மாண்டவர் பலர். அவர்களுடைய பெயர்களை எழுதிவைத்தவர் எவருமில்லை. எழுதப்படாத பெயர்களின் பாதை அது.

1848: மாத்தளையில் நெருப்பு

1847இல் கோப்பி விலை விழுந்தது. அரசாங்கத்தின் கருவூலம் வறண்டது. டெனன்ற் ஏற்கெனவே நாட்டின் நிதிநிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரித்திருந்தார். ஏற்றுமதித் தீர்வைகளை ஒழித்து, அதற்குப் பதிலாக நிலவரி விதிக்கலாம் என்பது அதன் முக்கிய ஆலோசனை. குடிவாரக்காரர் என்ற பொருளுடைய பெயரைத் தாங்கியவரே குடியானவனின் நிலத்திற்கு வரி கேட்டார் என்பது காலத்தின் வேடிக்கை. நிலங்கள் அளக்கப்படாததால் அவ்வரி கைகூடவில்லை. ஆனால் மக்களிடமிருந்து நேரடியாக வரி பெறும் எண்ணம் நிலைத்துவிட்டது.

1847இல் வந்த புதிய தேசாதிபதி ரொறிங்டன் பிரபு, துவக்கு வைத்திருப்பவன் ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங், நாய் வளர்ப்பவன் ஒரு சிலிங், கடை நடத்துபவன் ஒரு பவுண் கட்டவேண்டும் என்று விதித்தார். வளர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும்; அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும். காசைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த மலைநாட்டுக் கிராமவாசிக்கு இவை பேரிடியாக விழுந்தன.

1848 ஜூலை தொடக்கத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கண்டிக் கச்சேரிக்கு வந்து முறையிட்டனர். அவர்களுக்கு விளக்கமளிக்க டெனன்றே கண்டி சென்று ஊர்த் தலைவர்களைச் சந்தித்தார். பயனில்லை. கொழும்பிலோ, பத்திரிகை ஆசிரியரான மருத்துவர் கிறிஸ்தோப்பர் எலியற் வரிகளைக் கண்டித்து எழுதியும் பேசியும் மக்களைத் திரட்டினார். அவரும் அயர்லாந்துக்காரரே. அரசின் வாயாக ஓர் அயர்லாந்துக்காரர், மக்களின் வாயாக இன்னோர் அயர்லாந்துக்காரர்.

ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளையில் ஒருவருக்கு அரசனாக முடிசூட்டப்பட்டது. கொங்காலேகொட பண்டா என்று வரலாறு சொல்லும் அவர், தாழ்நாட்டிலிருந்து வந்த டேவிட் என்பவர். அவருடைய தளபதி பூரன் அப்பு மொறட்டுவையைச் சேர்ந்தவர். வீட்டில் இட்ட பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. அவர்களும் இரு பெயர் சுமந்தவர்களே. 28ஆம் நாள் அவர்களின் படை அலுவிகாரை வழியே உள்ள பெருவீதியில் இறங்கி மாத்தளையைப் பிடித்தது. கச்சேரிப் பதிவேடுகள் அழிந்தன. மறுநாள் வாரியப்பொலைத் தோட்டத்தருகே அரசாங்கப் படை அவர்களைச் சிதறடித்தது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று.

அதே நாளில், 1848 ஜூலை 29இல், அயர்லாந்தின் திப்பெறறி மாவட்டத்தில் இன்னொரு கிளர்ச்சி நடந்து தோற்றது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, 1845 முதல் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்துகொண்டிருந்த நாடு அது. அக்கிளர்ச்சியின் தலைவர் சிமித் ஓபிறையன். அவருக்கு மரண தண்டனை விதித்து, பின்னர் தஸ்மானியாவுக்கு நாடுகடத்தினர். கொங்காலேகொட பண்டாவுக்கும் மரண தண்டனை விதித்து, பின்னர் கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடுகடத்தினர். இரண்டு தீவுகளிலும் ஒரே முடியின் ஆட்சி. ஒரே விதமான முடிவு.

ஆனால் மாத்தளையில் இரத்தம் அதிகம் சிந்தியது. பூரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். கடகப்பொல என்ற பௌத்த துறவி, காவி உடையோடேயே கண்டியில் சுடப்பட்டார். இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் 18 உயிர்கள் போயின. அரசாங்கப் படையிலோ ஓர் உயிரும் போகவில்லை. அலுவிகாரையில் காக்கப்பட்ட பழைய ஏடுகளும் இக்கலவரத்தில்தான் அழிந்தன என்று மாத்தளையில் இன்றும் சொல்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் போருக்கும் பஞ்சத்திற்கும் அஞ்சி எழுதிவைத்தது, போரிலேயே போயிற்று.

இலண்டனில் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. அதன் முன் டெனன்றும் சாட்சி சொன்னார். தேசாதிபதி, செயலாளர், மற்ற அதிகாரிகள் ஆகியோர் ஒருவர் மீது ஒருவர் பழி போட்டனர். அந்தரங்கக் கடிதங்கள்கூட வெளிவந்தன. 1850இல் ரொறிங்டன் பதவியிழந்தார். டெனன்றின் இலங்கைச் சேவையும் முடிந்தது. ஏறக்குறையச் சகல வரிகளும் கைவிடப்பட்டன.

எழுத்தாளர் டெனன்ற்

அத்தோடு அவர் கதை முடிந்திருந்தால் டெனன்ற் என்ற பெயரை நாம் மறந்திருப்போம். தோல்வியோடு ஊர் திரும்பியவர் எழுதுகோலை எடுத்தார்.

முதலில் 1850இல் இலங்கையில் கிறிஸ்தவம் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர்; நம்மைப் பற்றிய அவருடைய கருத்துக்களை எல்லாம் நாம் ஏற்கவும் இயலாது. எனினும் ஓர் உண்மையை அவர் மறைக்கவில்லை. ஒல்லாந்தர் பதவியையும் சலுகையையும் காட்டித் தம் சபையில் சேர்த்த திரளான மக்கள், ஒல்லாந்தர் கப்பலேறியதும் கரைந்துபோனார்கள்; குருக்களை இழந்து, சட்டத்தால் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கரோ நிலைத்து நின்றார்கள் என்பதை அவர் பதிந்தார். 1687இல் மாறுவேடத்தில் இந்நாட்டில் கால்வைத்த யோசேப் வாஸ் அடிகளின் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு வேற்றுச் சபையார் எழுத்தே சான்று. அவ்வடிகளை 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

இங்கே இன்னொன்றையும் நம் பிள்ளைகள் அறிவது நல்லது. கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்களை இலங்கையில் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இலேயே நீக்கினார். கத்தோலிக்க நாடாகிய அயர்லாந்தின் மக்கள் அந்த நன்மையை முழுமையாகக் காண 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1859இல் அவருடைய பெரும் படைப்பான இலங்கை வரலாற்று நூல் இரு பாகங்களாக வந்தது. நாட்டின் மண், மரம், விலங்கு, மன்னர், குளம், கோயில் அனைத்தையும் பேசிய அந்நூல் குறுகிய காலத்தில் ஐந்து பதிப்புகள் கண்டது. நம் நாட்டு உயிரினங்களைப் பற்றி 1861இலும், காட்டு யானை பற்றி 1867இலும் தனி நூல்கள் எழுதினார். ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் அவருடைய நெருங்கிய நண்பர். 1865இல் தம் நாவல் ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். வர்த்தகச் சபையின் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றி, 1867இல் பரம்பரைப் பட்டம் பெற்று ஓய்ந்தார். 1869 மார்ச் 6ஆம் நாள் இலண்டனில் திடீரென மரித்தார். ஒரே மகன் 1876இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அழியாமல் காப்பதற்காக மருமகனுக்குக் கொடுத்த பெயர், பேரனோடு அடங்கிவிட்டது.

டெனன்ற் விட்டுச்சென்ற செயலாளர் பதவிக்கு வந்தவர் சார்ள்ஸ் யுஸ்தின் மக்கார்த்தி. அயர்லாந்தின் பழம்பெரும் கத்தோலிக்கக் குடும்பப் பெயர் அது. இளமையில் ரோமாபுரியில் குருத்துவக் கல்வி பயின்று, பின்னர் அரச சேவைக்கு வந்தவர் அவர். 1860 முதல் 1863 வரை இலங்கையின் தேசாதிபதியாகவும் இருந்தார். அவருக்குப் பின்னும் மக்கார்த்தி என்ற பெயர் குறையவில்லை. பஞ்சத்திற்குத் தப்பிக் கப்பலேறிய ஏழைகள் அதை அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். செல்வர் வீட்டுப் பெயர் ஆவணத்தால் காக்கப்பட்டும் அழிந்தது. ஏழைகளின் பெயர் பிள்ளைகளால் வாழ்ந்தது.

மலையில் எஞ்சிய பெயர்

அப்படியானால் டெனன்ற் என்ற பெயர் மாத்தளையில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அலுவிகாரைக்குக் கிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரக் காடுகளில், மூக்கின் நுனியில் ஓர் இலை ஒட்டியதுபோன்ற சிறு ஓணான் ஒன்று வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 1861இல் அதை விவரித்த அறிவியலாளர்கள் அதற்கு டெனன்றின் பெயரையே சூட்டினர். பரம்பரைப் பட்டம் போயிற்று, ஆண் வாரிசு போயிற்று, மாத்தளைக் காட்டின் ஓர் எளிய பிராணி அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. காடு அழிந்துவருவதால் அதுவும் ஆபத்திலுள்ள உயிரினமாகிவிட்டது.

அன்பான பெற்றோரே, பெயரைப் பெறுவது எளிது. அதன் பொருளைச் சுமப்பதே கடினம். வில்லியம் டெனன்ற் தம் அயலவனின் உரிமைக்காகச் சிறையிருந்து அப்பெயருக்கு மதிப்புத் தேடினார். இளமையில் கிரேக்கரின் கண்ணீரை உணர்ந்த அவர் மருமகன், அதே பெயரோடு அதிகார நாற்காலியில் இருந்தபோது, வாசலில் நின்ற குடியானவனின் முறைப்பாட்டை உணராமற் போனார். தூரத்து மக்களுக்காக உருகுவதும் அருகிலிருப்பவரை மறப்பதும் நம்மில் யாருக்கும் நேரக்கூடியது. அவருடைய எழுத்தின் நன்மையை நன்றியோடு ஏற்போம். அவருடைய தவறிலிருந்தும் கற்போம்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த ஞாயிறு மாலை பிள்ளைகளை அவர்களருகே உட்காரவையுங்கள். நம் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதை முதலில் தாங்கியவர் யார், எந்த வழியாக நடந்து இங்கே வந்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வாய்மொழி போதாது என்று கண்டு அலுவிகாரைத் துறவிகள் ஓலையை எடுத்தார்கள். மன்னார்ப் பாதையில் நடந்து வந்த நம் முன்னோரின் பெயர்களை அன்று எவரும் எழுதவில்லை. நமக்குத் தெரிந்த அளவையாவது நாம் எழுதிவைப்போம்.